கெட்டிமேளத்துக்கு வந்த சாக்ஸபோன்

போன ஆவணி மாதம் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்குக் கிட்டவுள்ள ஒரு மண்டபத்தில் என் ஒரே மகளின் கலியாணம் நடந்தது. அன்று காலை நடந்த ஒரு சங்கதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் என்னுடைய பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எனக்கு ஜாஸ் பைத்தியம். கொக்குவிலில் இருந்துகொண்டு ஜாஸ் கேட்கிற ஆள் வேறு யாரும் இருந்தால் தயவுசெய்து என்னைத் தேடி வாருங்கள், தேத்தண்ணீர் தருகிறேன். இதுவரை ஒருவரும் வரவில்லை. வங்கி வேலையில் கொழும்பில் இருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் மழைக்கு ஒதுங்க ஒரு ஹோட்டலுக்குள் ஏறினேன். அங்கே மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பியானோ, டபுள் பேஸ், சாக்ஸபோன். சாக்ஸபோன் வாசித்தவர் ஒரு பறங்கியர், வயதானவர், சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் வந்திருந்தார். மழை விட்டது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஹோட்டலுக்குப் போகாத சனிக்கிழமை எனக்குச் சனிக்கிழமையாகவே இருந்ததில்லை.

அன்று தொடங்கிய வியாதி இன்றுவரை மாறவில்லை. கசெட், சிடி, இப்போது கைபேசியும் ஒரு நல்ல ஸ்பீக்கரும். கேட்டுக் கேட்டு எனக்கு அபிப்பிராயங்கள் கூடிவிட்டன, அவற்றை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்டூடியோவுக்குள் இருந்து துடைத்து மினுக்கி எடுத்த பதிவுகள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவை அயன் பண்ணிய சேட்டு மாதிரி, போட்டுக்கொண்டு நிற்கலாம், இருக்க ஏலாது. சனத்துக்கு முன்னால் வாசித்து எடுத்த பதிவுதான் பதிவு. யாரோ இருமுவார்கள், எங்கேயோ ஒரு கிளாஸ் விழும், வாசிக்கிறவர் ஓரிடத்தில் சறுக்குவார், சறுக்கின இடத்திலிருந்தே புதிதாக ஒரு வழி பிடித்து ஏறுவார். அந்தச் சறுக்கலுக்காகவே நான் திரும்பத் திரும்பக் கேட்கிற பதிவு ஒன்று உண்டு. அதை ஸ்டூடியோக்காரன் பிடித்திருந்தால் வெட்டி எறிந்திருப்பான், பாவி.

வேகமாக வாசிக்கிறவர்களைக் கண்டு நான் வாய் பிளப்பதில்லை. விரல் ஓடும், அது பழக்கம். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அறிய வேண்டுமானால் மெதுவான பாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒளிக்க இடம் இருக்காது. தனியாக நெடுநேரம் டிரம்ஸ் அடிக்கிற இடம் வந்தால் நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஆனால் பாடுகிறவளுக்குப் பின்னால் துழாவுகிற மாதிரி மெல்லப் பிரஷ் போடுகிற டிரம்ஸ்காரர் என்றால் மூச்சுக்கூட விடமாட்டேன். டபுள் பேஸ் இருக்கும்வரை ஒருவருக்கும் கேட்காது, நின்றால்தான் என்னவோ குறைகிறதே என்று தேடுவார்கள். சாப்பிடும்போது பின்னணியில் ஜாஸ் போடுகிறவர்களோடு எனக்குக் கதையே கிடையாது.

என் மனைவிக்கு இதெல்லாம் ஒன்றுதான். "இஞ்சேருங்கோ, உந்த மனுசனுக்கு என்ன வருத்தம்? ஏன் உப்பிடிக் குழறுறார்?" என்று குசினிக்குள் இருந்து கேட்பாள். முப்பது வருடமாக எந்தப் பதிவைப் போட்டாலும் அவளுடைய விமர்சனம் அதுதான். ஒரு விதத்தில் பார்த்தால் அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது.

என் தம்பி கனடாவில் இருக்கிறான். அவனிடம் போயிருந்தபோது நிலத்துக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெளியே பனி. உள்ளே அறுபது எழுபது பேர் இருப்பார்கள், ஊசி விழுந்தால் கேட்கும். அந்த இரவை நான் மறக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்தவன் முழு நேரமும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. தம்பி என் கையைப் பிடித்து அமத்தியிராவிட்டால் அன்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் நேரில் கேட்கிற பாக்கியம் எனக்கு இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் குருநகரில் காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்குப் போனேன். பூதவுடலை மாதா கோயிலுக்குக் கொண்டுபோகும்போது முன்னால் பாண்ட் வாத்தியம் போனது. அதில் ஒருவர் சாக்ஸபோன் வாசித்தார். எல்லோரும் ஒரு வரியை முடித்து நிறுத்தினால் இவர் மட்டும் அந்தக் கடைசிச் சுரத்தைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்து, பிறகு மெல்லத் தரையில் வைக்கிற மாதிரி வைத்தார். செத்தவீட்டோடு திரும்பிவிட நினைத்து வந்த நான், புதைக்கிற சேமக்காலைவரை பின்னால் நடந்தேன். நண்பருக்காகத்தான் நடந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை.

பிறகு அவரைத் தேடிப் பிடித்தேன். படகு எஞ்சின் திருத்துகிறவர், என்னை விடப் பதினைந்து வயது குறைந்தவர், சிரித்த முகம். சாக்ஸபோன் அவருடைய தகப்பனுடையது. எனக்குப் பிடித்த ஒரு பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். இருபது நிமிடம் ஒருவரே வாசிக்கிற பதிவு. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "அண்ணை, ஆள் விண்ணன்தான். ஆனால் வீட்டை போற நினைப்பு இல்லைப் போலை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்.

மகளுக்குக் கலியாணம் சரிவந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் இவரை வாசிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவி தலையில் கை வைத்தாள்.

"விசரே உங்களுக்கு? செத்தவீட்டிலை கண்ட ஆளையோ கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரப்போறியள்?"

"ஆள் வாசிக்கிறதைக் கேட்டுப் போட்டுக் கதையும்."

"நான் ஏன் கேக்கிறன்? மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்லுறது?"

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தாலி கட்டி, ஆசீர்வாதம் எல்லாம் முடிந்து பந்தி தொடங்கின பிறகு, ஒரு மூலையில் இருந்து மெல்லமாக வாசிக்கலாம். ஆள் எந்த ஊர், எங்கே வாசிக்கிறவர் என்ற கதையை ஒருவரும் எடுக்கக் கூடாது.

மாப்பிள்ளை வீடு சுன்னாகத்துக்கு அங்காலை. கமக்காரக் குடும்பம், நல்ல சனம். மாப்பிள்ளையின் தகப்பன் அதற்கு முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார். அதனால் தாய் தகப்பன் செய்ய வேண்டிய சடங்கெல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்வதென்று ஏற்பாடு. தாயார் எங்கள் வழக்கப்படி மணவறைக்குக் கிட்ட வராமல் ஒதுங்கியே இருந்தார். சம்பந்தம் பேசின நாளிலிருந்து அவர் வாய் திறந்து நாலு வார்த்தைக்கு மேல் சொன்னதை நான் கேட்கவில்லை. பெரியப்பா அவருக்கும் சேர்த்துக் கதைப்பார். என் மகள் கலியாணம் முடிந்து அந்தத் தாயாரோடுதான் இருக்கப் போகிறாள். அந்த மௌனம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

கலியாணத்தன்று காலை எல்லாம் வடிவாகத்தான் தொடங்கியது. மேளம் மட்டும் வரவில்லை. ஆவணியில் நல்ல முகூர்த்தம் என்றால் எங்கள் பக்கத்து மேளக்காரருக்கு ஒரே நாளில் இரண்டு கலியாணம் இருக்கும். விடியற்காலையில் ஒன்றை முடித்துக்கொண்டு வாகனத்தில் பறந்து மற்றதுக்கு வருவார்கள். எங்களுக்குப் பேசின கோஷ்டிக்கும் தென்மராட்சியில் விடிய ஒரு கலியாணம் இருந்தது. அந்தக் கோஷ்டியில் ஒரு தவில்காரர் மட்டும் இணுவிலில் தன் வீட்டிலிருந்து தவிலோடு நேரே எங்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை வந்திறங்கியபோது அவர் ஒருவரே தவிலை அடித்துச் சமாளித்தார். "இந்தா வந்திடுவினம், வெளிக்கிட்டிட்டினம்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் முணுமுணுக்கத் தொடங்கியது.

நானும் மனைவியும் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தோம். ஐயர் கூறையை எடுத்து மகளிடம் கொடுத்தார். அதை உடுத்திக்கொண்டு வர அவள் உள்ளே போனாள். திரும்பி வந்ததும் தாலிதான். அந்த இடைவெளியில் தவில்காரர் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அங்கை மாப்பிள்ளை வீட்டார் பிந்தித்தான் வந்தவையாம். இப்பதான் அங்கை தாலி கட்டப்போகினமாம். விட்டுட்டு வெளிக்கிட ஏலாதாம்."

நாதஸ்வரம் இல்லாமல் தாலி ஏறுவதா? ஒற்றைத் தவில் மாப்பிள்ளையை வரவேற்கப் போதும், கெட்டிமேளத்துக்குப் போதாது. எங்கள் பக்கத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் கெட்டிமேளம் ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ ஓர் அபசகுன வார்த்தையோ காதில் விழக் கூடாது. அது நடக்காமல் போனால், பிறகு என் மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்த வீட்டில் யாராவது ஒருவர், "அண்டைக்கு மேளமும் இல்லாமல்தானே தாலி கட்டினது" என்று சொல்வார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது பேச்சில்லை. கேட்டுக்கொண்டு வாழப்போகிறவள் அவள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கிட்ட வந்தார். விஷயம் தெரிந்ததும் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"இதுக்கேன் கலங்கிறியள்? போனிலை நாதஸ்வரம் கிடக்கு. ஸ்பீக்கரிலை போட்டு விடுங்கோ. கெட்டிமேளமும் அதிலை கிடக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?"

வேறு ஒரு நாளாக இருந்தால் அவரோடு நான் அரை மணித்தியாலம் வாதாடியிருப்பேன். வாழ்நாள் முழுக்கப் பதிவுகளோடு கிடந்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், என் பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறும்போது பதிவு வேண்டாம். ஆனால் வாயைத் திறந்து என்னவென்று சொல்வது? சம்பந்தி வீட்டார் அவர்.

நல்ல காலம், தவில்காரர் சொல்லிவிட்டார். "ஐயா, உது சரிவராது. தாலிக்கொடியிலை இருக்கிறது சுரை. மாப்பிள்ளைமார் அதைத் திருகிப் பூட்டக் கை நடுங்கி நிப்பினம். நாங்கள் பாத்துப் பாத்து வாசிப்பம், அவர் பூட்டி முடிக்குமட்டும் விடமாட்டம். போன் காத்துக்கொண்டு நிக்குமோ? அது பாட்டுக்கு முடிஞ்சிடும். பேந்து மண்டபம் அமைதியாய்க் கிடக்கும்."

"அப்ப என்ன செய்யப்போறியள்?" என்றார் பெரியப்பா.

அப்போதுதான் என் கண் மண்டபத்தின் பின்பக்கம் போனது. சாக்ஸபோன்காரர் பந்திக்கு நேரம் இருக்கிறதே என்று சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தார். பெட்டி காலடியில். நான் தவில்காரரைப் பார்த்தேன், அவரும் நான் பார்த்த பக்கம் பார்த்தார்.

"குழல் எண்டாலும் பரவாயில்லை, சாக்ஸபோன் எண்டாலும் பரவாயில்லை," என்றார் தவில்காரர். "ஊதிற ஆள் என்ரை முகத்தைப் பாத்து வாசிப்பார் எண்டால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

சாக்ஸபோன்காரரைக் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டதும் சிரித்த முகம் போய்விட்டது. என்னை ஒரு பக்கம் இழுத்தார்.

"அண்ணை, எனக்கு வாசிக்கலாம். அதிலை பயமில்லை. ஆனால் நான் கனக்கச் செத்தவீடுகளுக்கு வாசிக்கிறனான். இஞ்சை ஆருக்காவது தெரிஞ்சிருக்கும். நாளைக்கு உங்கடை பிள்ளைக்கு ஒரு சொல் வரக் கூடாது."

அவர் மெல்லத்தான் சொன்னார். ஆனால் பெரியப்பாவின் காது பாம்புக் காது.

"என்னது? செத்தவீட்டுப் பாண்ட்காரரோ?" என்றார். குரல் உயர்ந்தது. "உங்களுக்கு விளையாட்டே? என்ரை பெறாமகன் தாலி கட்டேக்கை செத்தவீட்டு வாத்தியமோ? இதை விட மேளமே இல்லாமல் கட்டலாம்!"

முன் வரிசைகள் திரும்பிப் பார்த்தன. ஐயர் நேரத்தைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. மாப்பிள்ளை மணவறையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். உள்ளே கூறை கட்டி முடிந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அப்போது மாப்பிள்ளையின் தாயார் எழும்பி வந்தார். அவ்வளவு நேரமும் சாக்ஸபோன்காரர் இருந்த கதிரைக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் அவர் இருந்திருக்கிறார். வந்தவர் மணவறைக்கு ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். சாக்ஸபோன்காரரைப் பார்த்து, "நீங்கள் எங்கடை வீட்டை வந்தனீங்கள், தெரியுமோ?" என்று கேட்டார்.

அவர் திகைத்துப்போனார். எத்தனை வீட்டை நினைவில் வைத்திருப்பார் பாவம்.

"போன வருசம் மாசியிலை. றோட்டாலை இறங்கிற ஒழுங்கையிலை வேப்பமரம் நிக்கிற வீடு. இவருக்கு வாசிச்சனீங்கள்," என்றார் தாயார். பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணை, என்ரை மனுசனைக் கொண்டுபோய் விட்டவர் இவர். மகனுக்கும் வாசிக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எண்டு ஆரும் சொன்னால் என்னட்டைச் சொல்லச் சொல்லுங்கோ."

சம்பந்தம் பேசின நாள் முதல் நான் அவரிடம் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன், தம்பியின் பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அவரும் துடித்தார். "நீ சொன்னால் சரி பிள்ளை," என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டு போய்த் தன் இடத்தில் நின்றார்.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். தவில்காரர் ஒரு மெட்டை வாயால் மெல்லப் பாடிக் காட்டினார். சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் தரம் பாடும்போது கூடவே முனகினார். "விளங்குது. நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன்," என்றார். அவ்வளவுதான் ஒத்திகை.

மகள் கூறையோடு வந்தாள். தவில் தொடங்கியது, பின்னால் சாக்ஸபோன் வந்தது. நாதஸ்வரம் மாதிரி வாசிக்க அவர் முயலவேயில்லை, அதுதான் அவருடைய கெட்டித்தனம். மெட்டை அப்படியே எடுத்து, இரண்டு படி கீழே வைத்து, வழுக்கி வழுக்கிக் கொண்டுபோனார். தவில்காரர் ஓர் அடியைச் சற்றுப் பிந்திப் போட்டார். அது வேண்டுமென்றே கேட்ட கேள்வி. சாக்ஸபோன் அந்தப் பிந்தலைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தது. தவில்காரரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், "ஓ, நீ அப்பிடிப்பட்ட ஆளோ" என்கிற மாதிரி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். முன்பின் ஒருவரை ஒருவர் கண்டறியாத இரண்டு பேர், ஒத்திகை இல்லாமல், முகத்தை முகம் பார்த்து, அந்தக் கணத்தில் வருவதை வாசிக்கிறார்கள். இதைக் கேட்கத்தானே நான் ஊர் ஊராகப் பதிவு தேடினேன்!

ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார். தவில் பொழிந்தது. சாக்ஸபோன் ஒரேயடியாக உச்சத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. மாப்பிள்ளை தாலிக்கொடியை மகளின் கழுத்தில் போட்டார். தவில்காரர் சொன்ன மாதிரியே கை நடுங்கியது. சுரை பூட்டுப்படவில்லை. ஒரு தரம் திருகினார், வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது. சாக்ஸபோன்காரரின் கன்னம் இரண்டும் புடைத்து, முகம் சிவந்து, வியர்வை வழிகிறது. மூச்சை எங்கே எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறங்கவில்லை மனுசன். தவில்காரர் மாப்பிள்ளையின் விரலையே பார்த்துக்கொண்டு அடிக்கிறார். விரல் தடுமாறினால் அடி சுழல்கிறது, விரல் திருகினால் அடி நெருங்குகிறது. கடைசியில் சுரை பூட்டுப்பட்டது. இரண்டு பேரும் ஒன்றாக, ஒரே மூச்சில், மெல்ல இறங்கினார்கள்.

மண்டபம் முழுக்க அறுகரிசியும் பூவும் பறந்தன. நான் கையில் இருந்த அறுகரிசியை இறுகப் பொத்தியபடி மணமக்களைப் பார்க்காமல் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றிருக்கிறேன். "இஞ்சேருங்கோ! போடுங்கோ! உங்கடை பிள்ளைக்குத்தான் கலியாணம்!" என்று மனைவி என் விலாவில் இடித்தாள். போட்டேன். பாதி என்னுடைய சேட்டிலேயே விழுந்தது. கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது நாதஸ்வரக்காரர்கள் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு அவர்களும் வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். மனைவி சாக்ஸபோன்காரருக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினாள். "உந்தாள் குழறேல்லை. வடிவாய்த்தான் வாசிச்சவர்," என்று என்னிடம் சொன்னாள். முப்பது வருடத்தில் அவளிடமிருந்து வந்த முதல் நல்ல விமர்சனம்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. கலியாண வீடியோ வரும்வரை நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வாசிப்பைத் தனியாக வெட்டி எடுத்து, நல்ல ஸ்பீக்கரில் போட்டு, தம்பிக்கும் அனுப்பி, வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்று கனவு. வீடியோ வந்தது. தாலி கட்டுகிற இடம் வந்தது. மகளின் முகம் வடிவாக இருக்கிறது, மாப்பிள்ளை திருகுகிறார், பூப் பறக்கிறது. சத்தம்? சினிமாப் பாட்டு! ஒருத்தி உருகி உருகிப் பாடுகிறாள், பின்னால் வயலின் நாற்பது. உடனே வீடியோக்காரருக்கு அழைத்தேன்.

"ஓம் அண்ணை, நாங்கள் வழக்கமாய்ப் பாட்டுத்தான் போடுறனாங்கள்," என்றார். "அந்தச் சத்தம் ஒரே இரைச்சலாய்க் கிடந்தது. அழிச்சுப் போட்டம். ஏன், இந்தப் பாட்டுப் பிடிக்கேல்லையோ? வேறை பாட்டு மாத்தித் தரட்டோ?"

சனத்திடம் விசாரித்தேன். கைபேசியில் எடுத்தவர்கள் எல்லோரும் எடுத்தது மணமக்களின் படம். சத்தம் எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. வீட்டில் செத்தவீடு மாதிரி இருக்கிறது என்று மனைவி ஏசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாரும் கூட வந்திருந்தார். மகள் அவரை "மாமி, மாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் என் நெஞ்சுக்குள் இருந்த ஒரு கல் இறங்கிவிட்டது. தேத்தண்ணீர் குடிக்கும்போது என் கவலையை அவரிடம் சொல்லிப் புலம்பினேன். அருமையான வாசிப்பு, ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை, எல்லாம் காற்றோடு போய்விட்டது என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"இவரின்ரை செத்தவீட்டண்டு பொம்பிளையள் நாங்கள் வாசல் படலையோடை நிண்டிட்டம். சுடலைக்கு நாங்கள் போறேல்லைத்தானே. இவரைக் கொண்டுபோகினம், அந்தச் சத்தம் ஒழுங்கையாலை தூரத் தூரப் போய்க்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டே நிண்டனான். பேந்து கேக்கேல்லை. ஒண்டரை வருசமாய் என்ரை காதுக்கை அந்தச் சத்தம் போய்க்கொண்டேதான் இருந்தது அண்ணை. கலியாணத்தண்டு அதே ஆள் எனக்குக் கிட்ட நிண்டு வாசிச்சவர். இப்ப அது போறேல்லை."

அவர் அழவில்லை. சொல்லிவிட்டு மிச்சத் தேத்தண்ணீரையும் குடித்தார்.

ஆயிரம் பதிவுகளைக் கேட்டு ஆயிரம் அபிப்பிராயம் சொன்னவன் நான். அன்று அந்த மண்டபத்தில் வாசித்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், படிக்குக் கீழே நின்ற ஒருவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பதிவு இல்லையே என்ற கவலை எனக்கு அன்றோடு போய்விட்டது. எனக்கு அது ஒரு நல்ல வாசிப்பு, அவ்வளவுதான். அவருக்கோ, ஒழுங்கையால் போன ஒரு சத்தம் திரும்பி வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள் அது.